போய்க் கலந்து பேசிச் சொல்கிறோம்

எங்கள் வீட்டில் குழந்தை இல்லை என்பதை உறுதி செய்வதற்காக ஓர் அதிகாரி எங்கள் வீட்டிலேயே குடியிருந்தார். அவர் பெயர் வேதமாணிக்கம். வெளிநாட்டிலிருந்து தத்தெடுக்க விண்ணப்பித்தவர்கள் எல்லோருடைய வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். குழந்தைக்காக நாங்கள் ஒதுக்கி வைத்திருந்த அறையில் தங்கினார். வேறு அறை இல்லை.

காலையில் எழுந்ததும் வீடு முழுக்கத் தேடுவார். கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், அரிசி டிரம்முக்குள். பிறகு சமையலறை வாசலில் வந்து நின்று, "இன்னைக்கும் இல்லீங்க," என்பார். அதைக் கேட்டுக்கொண்டு நான் அவருக்குக் காபி ஆற்றிக் கொடுக்க வேண்டும்.

இல்லை என்பது எனக்குத் தெரியாதா? கல்யாணமான மறு வருஷத்திலிருந்து பெருந்துறை ஊரே கூடி எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கும் செய்தி அது.

"ஊட்ல கொழந்தை இல்லைன்னு எழுதிக் குடுக்க இத்தனை நாளாங்க?" என்று கேட்டேன்.

"இருந்தா ஒரு நொடியில பார்த்து எழுதிப்போடலாமுங்க. இல்லாததைப் பார்த்து முடிக்க நாளாகுமுங்க," என்றார் வேதமாணிக்கம். காபியில் சர்க்கரை குறைவு என்றும் சொன்னார்.

உள்ளூர்க் குழந்தையைக் கொடுத்தால் என்ன என்று தத்தெடுப்பு அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிட்டோம். உள்ளூர்க் குழந்தைகள் வெளிநாட்டுக்காரர்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறார்கள், உள்ளூர்க்காரர்களுக்கு வெளிநாட்டுக் குழந்தைதான் என்றார்கள். ஏன் என்று கேட்டதற்கு, அப்படிச் செய்தால்தான் விமானங்கள் இரண்டு பக்கமும் நிறைந்து போகும் என்று பதில் வந்தது. எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. என் கணவர் சென்னியப்பன் என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார்.

இழுத்ததற்குக் காரணம் இருந்தது. கோபக்காரர்களுக்குக் குழந்தை கிடையாது என்பது விதி. எங்களை நேர்காணல் செய்தவர் காலையிலிருந்து மாலை வரை எனக்கு நாற்காலி கொடுக்காமல் நிற்க வைத்துவிட்டுக் கேட்டார்.

"உங்களுக்குக் கோவம் வருங்களா?"

"வராதுங்க."

"எப்பவுமேவா?"

"பொறந்ததுல இருந்தே வந்ததில்லீங்க."

சென்னியப்பன் இருமினார். அதிகாரி என்னைச் சுற்றி வந்து பார்த்தார். ஒரு தடவை கோபப்பட்டதாகப் பதிவானால் போதும், விண்ணப்பம் ரத்து, மறுபடி விண்ணப்பிக்க அடுத்த ஜென்மத்தில்தான் வர வேண்டும் என்றார். சரி என்று சிரித்தேன். அன்றிலிருந்து எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டேன். சாப்பாடு பாதியாகக் குறைந்தது. வயிற்றில் இடமில்லை.

பக்கத்து வீட்டு ருக்குமணியக்கா எங்கள் வீட்டுக் காலிங் பெல்லாக மாறியது அந்தச் சமயத்தில்தான். என்னை எங்கே பார்த்தாலும் 'ஏனம்மிணி, விசேஷம் ஏதாச்சும் உண்டா?' என்று கேட்டுக்கொண்டிருந்தவர். முழங்கால் வலியோடு தினமும் படியேறி வந்து கேட்பது சிரமமாக இருந்திருக்கும். கதவோரமே இருந்துவிட்டால் சௌகரியம். அப்புறம் பால்காரர் அழுத்தினாலும் கேஸ்காரர் அழுத்தினாலும் வீடு முழுக்க அக்காவின் குரல்தான். எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டேன். அவர் நாலைந்து தடவை அழுத்திப் பார்த்தார்.

"நல்லாத்தானுங்க வேலை செய்யுது," என்றார். செருப்பை மாட்டிக்கொண்டே, "ஏதாச்சும் உண்டுங்களா?" என்று அவரும் கேட்டார்.

எங்களுக்கு ஒதுக்கப்பட்ட குழந்தையின் போட்டோ ஹாலில் மாட்டியிருந்தது. பெண் குழந்தை. போட்டோ வந்தபோது அவளுக்கு இரண்டு வயது. சுவரில் மாட்டிய பிறகு அவள் வளர ஆரம்பித்தாள். நான் வாங்கி வைத்த கவுன் அவளுக்குப் போதாது என்று ஒரு நாள் பார்க்கும்போதே தெரிந்தது. பெரிதாக ஒன்று வாங்கினேன். அதுவும் போதவில்லை. முடி தோளுக்கு இறங்கியது. முன்பல் விழுந்தது. காத்திருக்கிற ஒரு குழந்தை சுவரில் வளர்ந்துகொண்டே போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அலுவலகத்துக்கு போன் செய்தேன்.

"ஃபைல் முடியற வரைக்கும் கொழந்தைக்கு வயசு ஏறாதுங்க. விதிப்படி ரெண்டு வயசுதான்," என்றது மறுமுனை.

"பல்லு உழுந்துருச்சுங்களே!"

"எங்ககிட்ட உழுகலீங்க."

போனை வைத்துவிட்டுத் தலையணையில் முகத்தைப் புதைத்துக் கத்தினேன். வேதமாணிக்கம் கதவைத் தட்டி, யாராவது கோபப்படுகிறார்களா என்று கேட்டார். இல்லை, இருமல் என்றேன்.

இதற்குள் வேதமாணிக்கமும் சின்னவராகிக்கொண்டு வந்தார். தீபாவளிக்கு அவர் வேட்டி தரையில் புரண்டது. பொங்கலுக்குத் தாழ்ப்பாள் எட்டாமல் என்னைக் கூப்பிட்டார். குழம்பில் மிளகாயை ஒதுக்கினார். தூங்குவதற்கு முன் கதை கேட்டார், அதுவும் நரி வருகிற கதையாக இருக்க வேண்டும். எனக்குத் திக்கென்றது. இந்த ஆள் இன்னும் கொஞ்சம் குறைந்தால் வீட்டில் குழந்தை இருக்கிறது என்று அவரே எழுத வேண்டி வரும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். எங்கள் பூசாரி பால் சாதம் கேட்டு அடம் பிடித்தார்.

ஒரு மத்தியானம் அவரை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டேன். தெருமுனை வரை நடந்து மாடு காட்டினேன். "ஒரு கையெழுத்துப் போடு சாமி, பஞ்சுமிட்டாய் வாங்கித் தர்றேன்," என்றேன். என் தோளில் காகிதத்தை வைத்து 'குழந்தை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். உடனே பேனாவை வாயில் வைத்தார். பிடுங்கினேன்.

கிளம்பும் நாளன்று அவரை ருக்குமணியக்காவிடம் ஒப்படைத்தோம். வாசற்படியில் உட்கார்ந்து பெல்லை அழுத்தி அழுத்தி விளையாடிக்கொண்டிருந்தார்.

போவது நானும் கணவரும் என்றுதான் முதலில் பேச்சு. பெரிய மாமா ஒத்துக்கொள்ளவில்லை. பெரிய மாமா என்பது என் கணவரின் பெரியப்பா நாச்சிமுத்து. எங்கள் குடும்பத்தில் யாருக்குப் பெண் பார்க்கப் போனாலும் அவர்தான் முன்னால் நடப்பார். அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு எலுமிச்சம்பழம் இருக்கும். பெரியவர்கள் இல்லாமல் போய் நின்றால் அந்த நாட்டில் நம்மை யார் மதிப்பார்கள் என்று கேட்டார். அப்படியே அவரும் சேர்ந்தார். சேர்ந்ததும் மூன்று பேராகிவிட்டது.

"மூணு பேராப் போனா காரியம் உருப்படாது," என்றார் பெரிய மாமா. அவரால்தான் மூன்று ஆனது என்பது அவருக்கு உறைக்கவில்லை.

மூன்று பேர் போக வேண்டி வந்தால் ஒரு கல்லை எடுத்துக்கொண்டு நாலாக்கிக்கொள்வது வழக்கம். வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் துவைக்கிற இடத்துக்கு அருகே கிடந்த கல்லில் ஒன்றை எடுத்துக் கழுவிப் பொட்டு வைத்தார். அதற்கும் பாஸ்போர்ட், விசா எல்லாம் எடுக்க வேண்டும் என்றார்கள். எடுத்தோம்.

கல்லுக்கு அன்றைக்கே விசா வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. கல்லிடமும் என்னிடம் கேட்ட அதே கேள்விகளைத்தான் கேட்டார்கள். கோபம் வருமா என்றார்கள். குழந்தை வளர்த்த அனுபவம் உண்டா என்றார்கள். கல் எதுவும் சொல்லவில்லை. 'நிதானமானவர்' என்று எழுதினார்கள். இத்தனை வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கிடந்தவள் நான். பொடக்காளியில் சோப்புத் தண்ணீர் குடித்துக்கொண்டு கிடந்தது அது. எனக்கு விசா வந்து சேர்வதற்குள் போட்டோவில் அவளுக்குப் புதுப்பல் முளைத்துவிட்டது.

விமானத்தில் கல்லுக்கு ஜன்னலோர இருக்கை. எனக்குக் கழிப்பறைக்குப் பக்கத்தில். கல்லுக்கு ஒரு பணிப்பெண் வந்து போர்வை போர்த்திவிட்டுப் போனாள்.

நாங்கள் போகும் நாட்டின் பெயரைச் சொல்லக் கூடாது. சொன்னால் தூரம் கூடிவிடும். டிக்கெட்டிலேயே அந்த எச்சரிக்கை அச்சடித்திருந்தது. பெரிய மாமா அதைப் படிக்கவில்லை. பக்கத்து இருக்கைக்காரர், எதிர் இருக்கைக்காரர், தண்ணீர் கொண்டுவந்த பெண் என்று எல்லோரிடமும் எங்கே போகிறோம் என்று பெயரைச் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டே வந்தார். விமானம் போய்க்கொண்டே இருந்தது. இறங்கும்போது என் கணவருக்குத் தாடி வளர்ந்திருந்தது.

அந்த நாட்டில் எல்லோரும் எங்கள் ஊர்ப் பேச்சே பேசினார்கள். "வாங்கொ, வாங்கொ. பிரயாணம் எல்லாம் சௌரியமுங்களா?" என்றார் முத்திரை குத்துகிறவர். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. நான் அவர்கள் மொழியைக் கற்க ஒரு வருஷம் டியூஷன் போயிருந்தேன். வாய்க்குள் நுழையாத வார்த்தைகளை எல்லாம் அடுப்படியில் நின்று மனப்பாடம் செய்தேன். குழந்தையிடம் சொல்வதற்காக, 'பயப்படாதே, இனி நான் இருக்கிறேன்' என்பதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும்படி படித்து வைத்திருந்தேன். அதை முத்திரை குத்துகிறவரிடம் சொல்லிப் பார்த்தேன்.

"என்னங்க சொல்றீங்க? ஒண்ணும் புரியலீங்களே," என்றார்.

யாரைக் கேட்டு இப்படி ஒரு டியூஷனை நடத்துகிறார்கள்? அதையும் விழுங்கினேன்.

குழந்தை இல்லத்துக்கு நீளமான ஒரு நடை வழியாகப் போக வேண்டும். நான் வேகமாக நடந்தேன். நடை நீண்டுகொண்டே போனது. பின்னால் சாவகாசமாக வந்த பெரிய மாமா எனக்கு முன்பே போய்ச் சேர்ந்து ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தார். அவசரப்படுகிறவர்களுக்கு அங்கே அப்படித்தானாம். காத்திருப்பது அவசரம் இல்லாதவர்களுக்கு எழுதப்பட்ட வேலை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

கூடத்தில் பவானி ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். இல்லத்தின் பொறுப்பாளர் அம்மா உயரமாக, கம்பளிச் சால்வை போர்த்திக்கொண்டு நின்றார். கல்லுக்கு மட்டும் நாற்காலி போட்டார். எங்களை ஜமுக்காளத்தில் உட்காரச் சொன்னார். தட்டில் கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் வந்தன. வந்தவர்களைச் சாப்பிட வைக்காமல் குழந்தையைக் காட்டக் கூடாது என்பது அவர்கள் விதி.

பெரிய மாமா பஜ்ஜியைப் பிய்த்து வாயில் போட்டார். அவர் முகம் மாறியது. நிமிர்ந்து உட்கார்ந்தார். துண்டைச் சரி செய்தார். ஜமுக்காளமும் கேசரியும் பஜ்ஜியும் அவருக்குள் எதையோ திருகிவிட்டன.

"பொண்ணை வரச் சொல்லுங்க," என்றார்.

அவளைச் சக்கரம் வைத்த ஒரு தொட்டிலில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். இரண்டு வயதுக் குழந்தைக்கான தொட்டில். அவளுக்கு ஏழு வயதாவது இருக்கும். கால்களை மடக்கி, முழங்கால் தாடையில் இடிக்க, ஒரு பக்கமாகச் சாய்த்துத் திணித்திருந்தார்கள். இடமில்லாத ஒரு கால் தொட்டிலுக்கு வெளியே தொங்கியது. தலையில் கைக்குழந்தைக் குல்லாய். படிய வாரிப் பின்னிய சடை குல்லாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவள் தலையைக் குனிந்திருந்தாள்.

அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். மறுபடி குனிந்துகொண்டாள். என் கை தானாக நீண்டது. பொறுப்பாளர் அம்மா கையைத் தட்டிவிட்டார்.

"ஃபைல் முடியலீங்க," என்றார்.

"பேசுமுங்களா?" என்று கேட்டார் பெரிய மாமா.

"ரெண்டு வயசுக்கு உள்ள வார்த்தைங்க மட்டும். அம்மா, பால், காக்கா."

"நடந்து காட்டச் சொல்லுங்க பார்க்கலாம்."

என்னைப் பெண் பார்க்க வந்தபோதும் இதே மனிதர் நடந்து காட்டச் சொன்னார். என் அப்பா வீட்டு ஹாலில், இதே மாதிரி ஒரு ஜமுக்காளத்தைச் சுற்றி. கேசரித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் நடந்தேன். சென்னியப்பன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய மாமா சாப்பிட்டுக் கை கழுவி, என் அப்பாவிடம், போய்க் கலந்து பேசிச் சொல்லி அனுப்புகிறோம் என்றார். ஆடி போனது, ஐப்பசி போனது, சொல்லி அனுப்பவில்லை. அப்பா தெருவில் சைக்கிள் மணி கேட்டால் எழுந்து நிற்பார். தை பிறந்த பிறகுதான் ஆள் வந்தது. முதல் நாளே எல்லோருக்கும் பிடித்துப் போயிற்று என்பதைக் கல்யாணத்துக்குப் பிறகு பேச்சுவாக்கில் சொன்னார்கள், சிரித்துக்கொண்டு.

அதை நான் நினைத்துக்கொண்டிருந்தபோதே பெரிய மாமா தன் தட்டில் கடைசி பஜ்ஜியை முடித்தார். துண்டில் கையைத் துடைத்தார். எழுந்து கும்பிட்டார்.

"மாமா, வேண்டாமுங்க," என்றேன். அதற்குள் அவர் வாய் திறந்துவிட்டது.

"ரொம்பச் சந்தோசமுங்க. நாங்க போயிக் கலந்து பேசிப்போட்டுச் சொல்லி உடறோமுங்க."

பொறுப்பாளர் அம்மா மணியை அடித்தார். "பதிவு பண்ணியாச்சுங்க," என்றார். "கலந்து பேச அவகாசம் குடுத்திருக்கோமுங்க."

"எத்தனை நாளுங்க?" என்றார் என் கணவர்.

"நீங்க பேசி முடிக்கற வரைக்குமுங்க. அதுவரைக்கும் கொழந்தைக்கு ரெண்டு வயசுதான். தொட்டில் மாத்த மாட்டோம், கவலைப்படாதீங்க."

"பெரியப்பா! என்ன பெரியப்பா இது!"

பெரிய மாமாவும் அப்போதுதான் விழித்துக்கொண்டார். "வாய்ப் பழக்கம்டா," என்றவர் பொறுப்பாளர் அம்மா பக்கம் திரும்பினார். "அது ஒரு பேச்சுக்குச் சொல்றதுங்கம்மா. புடிச்சாலும் அப்படித்தான் சொல்லோணும். சாப்பிட்ட கையோட சரின்னு சொன்னா நம்ம மருவாதி என்னாகறது?"

"சொன்னது சொன்னதுதானுங்க," என்றார் பொறுப்பாளர் அம்மா. "இந்தக் கல்லு மாதிரி நீங்களும் சும்மா இருந்திருக்கலாமுங்க."

தொட்டிலைத் திருப்பினார்கள். தொங்கிய கால் கதவை நோக்கிப் போனது.

நான் எழுந்தேன். இத்தனை வருஷமாக விழுங்கியது எல்லாம் ஒன்றாகத் திரண்டு நெஞ்சுக்கு வந்தது. அந்தக் கூடத்தின் ஓட்டைப் பிய்த்துக்கொண்டு போகிற அளவுக்கு இருந்தது. பொறுப்பாளர் அம்மா பேனாவை எடுத்தார்.

"கோவமுங்களா?" என்றார்.

"துளசி, ஒண்ணும் பேசாத. எழுதிப்போடுவாங்க," என்றார் சென்னியப்பன். அவர் கண் கலங்கியிருந்தது. என் மணிக்கட்டை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பேசினால் அவள் கிடைக்க மாட்டாள். பேசாவிட்டாலும் கிடைக்க மாட்டாள். இந்தக் கணக்கை எந்தப் புத்திசாலி போட்டான் என்று தெரியவில்லை. "இல்லீங்க," என்றேன். பல் நறநறவென்றது.

"நிறுத்துங்க," என்று ஒரு குரல் கேட்டது. நான் பேசிவிட்டேனோ என்று பயந்துபோனேன். தொட்டிலிலிருந்து வந்தது.

அவள் குல்லாயைக் கழற்றி எறிந்தாள். வெளியே தொங்கிய காலைத் தரையில் ஊன்றினாள். இன்னொரு காலை எடுத்தபோது தொட்டில் கவிழ்ந்தது. எழுந்து நின்றாள். மரத்துப்போன காலை உதறிக்கொண்டே நேராகப் பெரிய மாமாவிடம் போனாள்.

"யாருகிட்டப் போயிப் பேசுவீங்க?" என்றாள்.

"ஊர்ல பெரியவங்க எல்லாம் இருக்கறாங்க கண்ணு."

"அவிங்களுக்கு என்னைத் தெரியுமா?"

"தெரியாது கண்ணு."

"அப்பறம் என்னத்தைப் பேசுவீங்க?"

பெரிய மாமா சட்டைப் பையிலிருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"எனக்கு ரெண்டு வயசில்லை," என்று பொறுப்பாளர் அம்மாவிடம் திரும்பினாள். "பல்லு உழுந்து மொளைச்சே போச்சு. காக்கான்னு சொல்லச் சொல்றீங்க. எனக்கு எழுதப் படிக்கத் தெரியும். வாரவங்க எல்லாம் பஜ்ஜி தின்னுட்டுப் போறாங்க. எனக்கு ஒரு பஜ்ஜி குடுத்திருக்கீங்களா?"

என் கணவர் தன் கையிலிருந்த பஜ்ஜியைப் பார்த்தார். மெதுவாகத் தட்டில் வைத்தார்.

பொறுப்பாளர் அம்மாவுக்குக் கோபம் இல்லை. குழப்பம்தான். கவிழ்ந்த தொட்டிலை நிமிர்த்திப் பார்த்தார். காலியாக இருந்தது. அவளைப் பார்த்தார்.

"ரெண்டு வயசுக் கொழந்தை இத்தனை பேசாதுங்க. நிக்கவும் செய்யாதுங்க, இவ்வளவு உயரத்துல," என்றார். "இது எங்க கொழந்தை இல்லீங்க."

"அப்பறம் யாருங்க?" என்றார் சென்னியப்பன்.

"தெரியலீங்க. எங்ககிட்ட இப்படி யாரும் கெடையாது. வெளியாளு உள்ள இருக்கக் கூடாதுங்க. கூட்டிட்டு வந்தவங்க கூட்டிட்டுப் போயிருங்க."

"நாங்க கூட்டிட்டு வரலீங்களே," என்றார் என் கணவர்.

என் கணவர் உண்மையே பேசுகிறவர். ஊரெல்லாம் அவரை அதற்காகப் பாராட்டும். நான் அவர் பாதத்தின் மேல் என் குதிகாலை வைத்து என் எடை முழுவதையும் இறக்கினேன்.

"நான்தானுங்க கூட்டிட்டு வந்தேன்," என்றேன்.

"உங்களுக்கு என்ன வேணுமுங்க இந்தப் பாப்பா?"

"எம் பொண்ணுங்க."

பொறுப்பாளர் அம்மா அருகில் வந்தார். "மூக்கு வேற, நெறம் வேற, கண்ணு வேற. ஜாடை ஒண்ணும் இல்லீங்களே," என்றார்.

அவள் கையைக் கட்டிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, மூக்கு விடைக்க நின்றிருந்தாள். நானும் அப்போது அப்படித்தான் நின்றிருக்க வேண்டும். பொறுப்பாளர் அம்மா அவள் முகத்தைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். மறுபடி அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஆமாங்க. அப்படியே இருக்குது," என்றார். கதவைத் திறந்துவிட்டார்.

கல்லை அங்கேயே இருக்கச் சொன்னார்கள். அதைத் தத்தெடுக்க ஒரு தம்பதி விரும்புகிறார்களாம். பெரிய மாமா மறுப்புச் சொல்லவில்லை. என் கணவர் நொண்டிக்கொண்டு பின்னால் வந்தார்.

வெளியே பனி கொட்டுவது நின்றிருந்தது. அவளுக்கு என் சால்வையைப் போர்த்தினேன். கையை நீட்டினேன். அவள் பிடிக்கவில்லை. பக்கத்தில் நடந்தாள்.

"ஏன் இத்தனை நாளு?" என்றாள்.

என்னிடம் காரணங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் நியாயமான காரணம். யார் யார் என்னென்ன செய்தார்கள் என்று பட்டியலே என் நுனிநாக்கில் இருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அதில் ஒன்றுகூட ஒரு குழந்தையிடம் சொல்கிற மாதிரி இல்லை.

"தெனமும் தலை சீவிட்டு உக்காந்திருந்தேன்," என்றாள். "தெனமும். நானேதான் சீவிக்குவேன். கதவு தெறந்தா எந்திரிச்சு நிப்பேன். நீங்க வரலை."

"வந்துட்டனே சாமி."

"இப்பத்தானே வந்தீங்க!"

இத்தனை வருஷமும் கோபப்பட வேண்டியவள் நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். என் மேல் கோபப்பட ஓர் ஆள் எங்கோ சடை பின்னிக்கொண்டு காத்திருப்பாள் என்று தோன்றவே இல்லை.

அவள் விடவில்லை. உள்ளே வந்ததும் ஏன் பேசாமல் உட்கார்ந்திருந்தீர்கள் என்று கேட்டாள். அவர்கள் கையைத் தட்டிவிட்டால் மறுபடி நீட்ட மாட்டீர்களா என்று கேட்டாள். இத்தனை பேர் வந்து உட்கார்ந்து ஒருத்தராவது என் பெயரைக் கேட்டீர்களா என்று கேட்டாள்.

"உம் பேரு என்ன சாமி?" என்றேன்.

"இப்பக் கேக்கறீங்க!"

டாக்ஸி வந்தது. ஏறினோம். டாக்ஸியிலும் திட்டினாள். நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, பாப்பாவுக்கு ரொம்பக் கோபம் போலிருக்கிறது என்றார். ஆமாம் என்றேன். விமான நிலையம் நெருங்கும்போது அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. தண்ணீர் கேட்டாள். பாட்டிலைத் திறந்து கொடுத்தேன். என் தோளில் சாய்ந்துகொண்டு நிதானமாகக் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டாள். பிறகு விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள்.